மக்கட்பேறும் மதிப்பும்



குழந்தை கண்ணாடி பார்க்கப் பழகுமுன்னரே பெற்றோரின் முகத்தைப் பார்க்கப் பழகுகிறது. அம்முகத்தில் காணும் மலர்ச்சியும் சுளிப்புமே, ‘நான் இத்தகையவன்’ என்னும் எண்ணத்திற்கு வித்தாகின்றன.

எங்கள் நாஞ்சில் நாட்டு வரலாறு இதனை எண்ணிப்பார்க்கத் தூண்டுகிறது. இங்குள்ள வேளாளரிடையே மருமக்கள்வழி என்னும் உரிமைமுறை நெடுங்காலம் நிலவியது. ஒருவன் காத்த நிலபுலம் அவனுடைய சகோதரியின் மக்களுக்கே சேரும். பெற்ற பிள்ளைக்கு ‘உகந்துடைமை’ என்று ஒரு சிறு பங்கு மட்டுமே உண்டு. குடும்பத்தை ஆண்ட காரணவரின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, இம்முறையின் அவலத்தை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் நகைச்சுவை ததும்பப் பாடினார். அதில் கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. தந்தையின் சொத்தில் மக்களுக்கு உரிமை கிட்டியது.

சொந்தத் தந்தையின் இல்லத்திலேயே உரிமையற்றவனாக வளர்ந்த சிறுவன் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்? நிலத்தைச் சட்டம் வாங்கித் தந்தது. மதிப்பையோ பெற்றோர்தாம் தரவேண்டும். காரணவர் மறைந்தும், “உனக்கு என்ன தெரியும்? வாயை மூடு” என்னும் அவருடைய குரல் சில வீடுகளில் இன்றும் ஒலிப்பதை நான் கேட்கிறேன்.

டயானா பாம்ரிண்ட் என்னும் அமெரிக்க உளநூலறிஞர், 1960-களில் பெற்றோரை மூவகைப்படுத்தினார். காரணம் கூறாது கட்டளையிடுவோர் ஒரு வகையினர். கேட்டதெல்லாம் கொடுத்து ஒதுங்குவோர் மற்றொரு வகையினர். அன்போடு அணைத்து, வரம்பு வகுத்து, அவ்வரம்பின் காரணத்தையும் எடுத்துரைப்போர் மூன்றாம் வகையினர். இம்மூன்றாமவரின் குழந்தைகளிடமே தன்னம்பிக்கையும் தன்னடக்கமும் மிகுந்திருக்கக் கண்டார். சிறுவர்களின் தன்மதிப்பை ஆராய்ந்து 1967-இல் நூல் வெளியிட்ட ஸ்டான்லி கூப்பர்ஸ்மித்தும் இதையொத்த முடிவுக்கே வந்தார். பிள்ளையை ஏற்றுக்கொள்ளுதல், தெளிவான வரம்பு, அவ்வரம்பினுள் அவன் கருத்துக்கு இடம் என்னும் மூன்றையும் அவர் வற்புறுத்தினார்.

கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவிக்கும் எங்கள் உழவருக்கு இது புதிதன்று. வரப்பில்லாத வயலில் நீர் நில்லாது. மடை திறவாத வயலில் பயிர் அழுகும்.

ஆகவே, பெற்றோரை ஒன்று வேண்டுகிறேன். தேர்வில் மதிப்பெண் குறைந்த மகனிடம் “நீ மக்கு” என்னாதீர்கள், “இந்தக் கணக்கு எங்கே தவறிற்று?” என்று கேளுங்கள். முன்னது அவனையே தவறாக்குகிறது. பின்னது தவறு இருக்குமிடத்தைக் காட்டுகிறது. மகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது அவளையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். முடிவு உங்களுடையதாகவே இருக்கலாம்; எனினும் தன் சொல்லுக்கும் இவ்வீட்டில் இடமுண்டு என்பதை அவள் அறிவாள். அந்த அறிவே, நாளை அயலார் அவளைத் தாழ்த்திப் பேசினும் அவள் தலைகுனியாதிருக்கத் துணையாகும்.