மணலுக்கு அடியில் ஓடும் பாலாறு

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 348 கி.மீ.; அதில் 222 கி.மீ. நம் தமிழ்நாட்டில். காஞ்சிபுரம் ஊருக்குள் வரும் வேகவதியும், தெற்கிலிருந்து வரும் செய்யாறும் திருமுக்கூடலில் இதனுடன் சேர்கின்றன. அங்குள்ள பெருமாள் கோயிலில், 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை நடந்ததைச் சொல்லும் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது.

வேகவதியை நாம் கால்வாய் என்றே நினைக்கிறோம். பிரம்மாவின் யாகத்தை அழிக்க ஆறாகப் பாய்ந்து வந்த சரஸ்வதிதான் வேகவதி என்கிறது தலபுராணம். பெருமாளே குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்த இடம் திருவெஃகா, நம் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில்.

சித்ரா பௌர்ணமிக்கு வரதர் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றில் இறங்கிவிட்டுப் பாலாற்றுக்குப் போவார். அங்கே மணலில் ஊறல் உற்சவம். கோடையில் மேலே தண்ணீர் இல்லாவிட்டாலும் தோண்டினால் ஊறும் என்பது நம் முன்னோருக்குத் தெரியும். பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. 2021 நவம்பர் வெள்ளம் போல எப்போதாவதுதான் கரை நிரம்பி வருகிறது.

மணல்தான் இந்த ஆற்றின் தொட்டி. அதை அள்ளினால் தொட்டி சிறுக்கும். அதில் சாக்கடையோ சாயக்கழிவோ இறங்கினால் நம் போர்வெல்லுக்கும் வரும்.

1986 நவம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு அருகே ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்து, ரைன் ஆறு சிவப்பாக ஓடியது. மீன்கள் செத்து மிதந்தன. கரையோர நாடுகள் மறுவருடமே கூட்டுத் திட்டம் போட்டன. பின்னாளில் சால்மன் மீன்கள் திரும்பி வந்தன. கெட்டுப்போன ஆற்றையும் மீட்கலாம்.

நாம் செய்யக்கூடியவை இவை. கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலைய ரசீது காட்டினால் மட்டும் பணம் கொடுக்கச் சங்கத்தை வற்புறுத்துங்கள். ஐப்பசி மழைக்கு முன் மழைநீர் சேகரிப்புக் குழிகளைத் தூர்வாருங்கள். வேகவதிக் கரையில் குப்பை கொட்டுவதைப் பார்த்தால் படம் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புங்கள்.