கேன் தண்ணீரும் கேணித் தண்ணீரும்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நெல்லைப் பற்றியோ வேர்க்கடலையைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் அறுவடைச் சமயத்தில் போய்ப் பாருங்கள். வரப்பு மேல் சோற்றுத் தூக்கு இருக்கும். அதன் பக்கத்தில் 20 லிட்டர் கேன் ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். கூப்பிடு தூரத்தில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருக்கும்!

அந்தக் கேனுக்குள் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலுக்கு அடியில் இருக்கிறதே, அந்த ஊற்றுத் தண்ணீர்தான் இந்தச் சுற்றுவட்டாரத்து ஆலைகள் பலவற்றில் கேனுக்குள் போகிறது. நம் வயலுக்கடியில் இருந்ததை எடுத்து, உப்பைப் பிரித்து, மூடி போட்டு, நம்மிடமே விற்கிறார்கள். உப்பைப் பிரிக்கும்போது ஒரு பங்கு தண்ணீர் கழிவாகவும் போகிறது. அதற்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை.

கும்மிடிப்பூண்டிக்கும் பாட்டில் தண்ணீருக்கும் உறவு உண்டு. 2013 செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாடு அரசு 'அம்மா குடிநீர்' விற்பனையைத் தொடங்கியபோது, அதற்கான ஆலை கும்மிடிப்பூண்டியில்தான் அமைந்தது. லிட்டர் 10 ரூபாய் என்று பஸ் நிலையங்களில் கிடைத்தது. பிரயாணம் போகிறவனுக்கு அது உபகாரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வழிப்போக்கனுக்கு வந்த பழக்கம் நம் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டதே, அதுதான் தொல்லை.

பூமித் தண்ணீரை அளவில்லாமல் இறைத்தால் என்ன ஆகும் என்று மீஞ்சூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே ஏறி வருவது 1960-களின் கடைசியிலேயே அங்கே தெரிந்துவிட்டது. அப்புறம் அது பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. நெல் விளைந்த பூமி உவர் தட்டிப் போயிற்று. இதற்குக் கேன் கம்பெனிகள் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. சென்னை நகரத்துக்குப் போன தண்ணீர் உண்டு, தொழிற்சாலைக்குப் போனது உண்டு, நாம் இறைத்ததும் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல் எல்லாம் வறண்டு கிடந்ததைப் பார்த்தோம். அடுத்த வருஷமே, 2020-ல், அனுமதியில்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கேன்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிணறு வைத்திருக்கிற வீட்டிலும் அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்!

"தண்ணீர் சுத்தமாக இருக்கிறதே சார்" என்பீர்கள். முத்திரை பெற்ற நல்ல ஆலைத் தண்ணீரில் கிருமி இராது, சரி. ஆனால் 2024-ல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அங்கே விற்கும் பாட்டில் தண்ணீரைச் சோதித்தார்கள். ஒரு லிட்டரில் சராசரி 2,40,000 பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இவை. உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். முடிவு வரும்வரை நாம் ஏன் வெயிலில் காய்ந்த கேனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? சூடு ஏற ஏற பிளாஸ்டிக்கில் இருக்கும் ரசாயனம் தண்ணீரில் இறங்குவது அதிகமாகும். பழைய கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், சிலவற்றில் பச்சைப் பாசியே தெரியும்.

செலவையும் பாருங்கள். இரண்டு நாளைக்கு ஒரு கேன், கேன் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 7,300 ரூபாய். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 27 மூட்டை வாங்கலாம். (வாங்கிக் கொட்டுங்கள் என்று சொல்லவில்லை!)

ஆஸ்திரேலியாவில் பன்டனூன் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் நிலத்தடி நீரை எடுத்து பாட்டிலில் அடைக்க ஒரு கம்பெனி வந்தது. 2009-ல் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஏறக்குறைய எல்லாருமே கை தூக்கி, இனி நம் ஊர்க் கடையில் பாட்டில் தண்ணீர் விற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். குடிநீர்க் குழாய் வைத்து அவரவர் பாத்திரத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் நீலகிரி மாவட்டத்தில் 2019-லேயே தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையே கேனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதலில் உங்கள் கிணற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்முடையது தொழிற்பேட்டை சூழ்ந்த பகுதி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு சாகாது, உலோகம் சாகாது. நாம் போடும் யூரியாவும் மாட்டுக் கொட்டில் கழிவும் நைட்ரேட்டாக இறங்கியிருந்தால் அதுவும் போகாது. காய்ச்சக் காய்ச்ச அடர்த்திதான் கூடும். ஆகவே, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. நைட்ரேட் 45-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால், முக்கியமாகக் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. ஊராட்சிக் குழாய்த் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். எவர்சில்வர் குடத்தில் பிடித்து வாருங்கள்.

உப்பும் மற்றதும் அளவுக்குள் இருந்து, கிருமி மட்டும் தொல்லை என்றால் கவலை வேண்டாம். திறந்த கிணறு 3 மீட்டர் விட்டம், தண்ணீர் 4 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 70 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். பவுடர் புதிதாக இருக்க வேண்டும். ஈரம் பட்டுக் கட்டி தட்டியது உபயோகப்படாது. வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, சுண்ணாம்பு மண்டியை விட்டுவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கிவிடுங்கள். ராத்திரி போட்டு, காலையில் இறைக்கலாம். அப்படியும் குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு மண்பானையில் ஊற்றி மூடி வையுங்கள். எருக்குழியும் கக்கூஸும் கிணற்றுக்கு 15 மீட்டருக்குள் இருந்தால் முதலில் அதைத் தள்ளிப் போடுங்கள். கலங்கல் தண்ணீருக்குப் பானைக்குள் தேற்றான் கொட்டை தேய்ப்பது நம் பாட்டிமார் வழக்கம். கலங்கல் அடங்கும், ஆனால் கிருமி சாகாது. அதன் பிறகும் காய்ச்சத்தான் வேண்டும்.

பரிசோதனையைக் கோடைக் கடைசியில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஒரு தடவை செய்வது நல்லது. பம்ப்பை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் பிடித்து, கிணற்றின் அடையாளமும் தேதியும் எழுதி ஒட்டி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் ஆய்வுக்கூடத்தாரிடமே கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில் கேட்டு வாங்க வேண்டும். உப்புப் பரிசோதனைக்கு, வீட்டில் கிடக்கிற காலித் தண்ணீர் பாட்டில் இரண்டே போதும்.