விளிம்பில் இருக்கு விஷயம்: கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் மங்கல்

இன்னைக்கு எபிசோட் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்காக.

தாத்தாவுக்கோ அம்மாவுக்கோ கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கும். சுவர்ல இருக்கிற காலண்டர் தேதி பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு, "மறுபடியும் புகை மூட்டமா இருக்குப்பா" என்பார்கள். பேப்பர் படிப்பது நிற்கும், ராத்திரி வெளியே போகப் பயம் வரும். "புரை திரும்ப வளர்ந்துடுச்சு", "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் ரெண்டு தீர்ப்பு சொல்வாங்க. முதலாவது தப்பு. ரெண்டாவது ஆபத்து.

உள்ளே என்ன நடக்குது? கண்ணின் லென்ஸ் ஒரு மெல்லிய, தெளிவான பைக்குள் இருக்கு. டாக்டர் அந்தப் பையின் முன்பக்கத்தில் வட்டமா ஒரு திறப்பு செய்து, மங்கின லென்ஸை எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார். எடுத்த புரை திரும்ப வராது. ஆனா பையின் ஓரத்தில் கொஞ்சம் லென்ஸ் செல்கள் மிஞ்சும். ஆப்பை மூடின பிறகும் பின்னணியில் ஓடுற ப்ராசஸ் மாதிரி, அவை பெருகி, பின்பக்கச் சவ்வு மேல ஊர்ந்து வந்து பார்வையை மறைக்கும். டாக்டர்கள் இதை பி.சி.ஓ. என்பார்கள்.

தடுக்க முடியுமா? முழுசா முடியாது, நல்லாவே குறைக்கலாம். அதுக்கு நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இல்லை. வேலை ஆபரேஷன் மேஜையிலேயே நடக்கணும். நீர் பாய்ச்சி லென்ஸைப் பையிலிருந்து தளர்த்தி, மிச்சத்தைச் சுத்தமா உறிஞ்சி எடுக்கணும். முன்பக்கத் திறப்பு செயற்கை லென்ஸைவிடக் கொஞ்சம் சின்னதா இருந்து, அதன் ஓரத்தைச் சுற்றிலும் கவ்வணும். அப்போதான் லென்ஸ் பின்சவ்வோடு ஒட்டி உட்காரும்.

மூணாவது விஷயம்தான் இன்ஜினியரா எனக்கு ரொம்பப் பிடிச்சது: லென்ஸின் விளிம்பு. 1949ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். 1990களில், ஒரு வகை அக்ரிலிக் லென்ஸ் வைத்தவர்களுக்கு மங்கல் குறைவா இருப்பதைக் கவனிச்சாங்க. காரணம் பொருளா, வடிவமா? ஜப்பானின் ஒகிஹிரோ நிஷி முயல்களிடம் செய்த சோதனைகள் கூரான சதுர விளிம்பைக் கை காட்டின. அந்த விளிம்பில் சவ்வு சட்டுனு மடங்குது. ஊர்ந்து வரும் செல்கள், வரப்பில் முட்டின தண்ணி மாதிரி, அங்கேயே நிற்குது.

இதுக்கு விலை உயர்ந்த லென்ஸ்தான் வேணும்னு இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வில், பழைய பி.எம்.எம்.ஏ. லென்ஸிலேயே விளிம்பைச் சதுரமாக்கியபோது, பல வருஷம் கழிச்சும் மங்கல் குறைவாகவே இருந்தது.

குழந்தைகள் கதை வேற. அவங்களுக்குச் செல்கள் வேகமா வளரும். அதனால சின்னக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் சமயத்திலேயே பின்சவ்விலும் ஒரு திறப்பு செய்துவிடுவது வழக்கம்.

பெரியவங்களுக்கு மங்கல் வந்துட்டா, யாக் லேசர் இருக்கு. சவ்வின் நடுவில் சின்ன ஜன்னல் மாதிரி திறப்பாங்க. சில நிமிஷ வேலை, தையல் இல்லை. ஆனா கண் அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறலாம், அரிதாக விழித்திரை விலகலாம். லேசருக்கு அப்புறம் மின்னல் வெட்டு, திடீர்னு நிறைய கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்த மாதிரி ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "டாக்டர், வைக்கப்போற லென்ஸ் சதுர விளிம்பா?" லென்ஸ் விவரம் இருக்கிற அட்டையைப் பத்திரமா வைங்க. அப்புறம் மங்கல்னு அவங்க சொன்னா, நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க. கண் அழுத்த நோயும் விழித்திரைக் கோளாறும்கூட அப்படித்தான் ஆரம்பிக்கலாம். கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

இந்த எபிசோடை ஃபேமிலி க்ரூப்ல போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.