நீர் விடுவிப்பதும் நீர் தடுப்பதும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



வேதியியல் பற்றிப் பேசுமாறு ஓர் இலக்கிய வட்டம் பணிப்பது அரிது. அதற்கு நன்றி கூறி, ஒளி பட்ட சாயமும் அது கரைந்திருக்கும் நீர்மமும் தம்முள் நடத்தும் ஒரு கொடுக்கல் வாங்கலைச் சொல்ல விழைகிறேன். கரைப்பானை நாம் பெரும்பாலும் ஒரு பாத்திரமாகவே எண்ணுகிறோம். சாயம் அதனுள் கிடக்கிறது, அவ்வளவே என்பது நம் கருத்து. அக்கருத்தை இரண்டு சாயங்கள் மறுக்கின்றன.

முதலாவது பைரானின். ஏட்டில் வரிகளை மஞ்சளால் துலக்கிக் காட்டும் ஹைலைட்டர் பேனாக்கள் சிலவற்றின் மையில் இது உண்டு. இதன் மூலக்கூறில் ஆக்சிஜனோடு இணைந்த ஹைட்ரஜன் ஒன்று இருக்கிறது. அது தன் எலக்ட்ரானை விட்டுவிட்டுப் பிரிந்தால், அதுவே புரோட்டான். (இதற்குத் தனித்தமிழ்ச் சொல் தேடுவோர் தேடட்டும், பள்ளிப் பிள்ளைகள் அறிந்த சொல்லையே நான் கையாள்கிறேன்.) இருளில் பைரானின் வலிவற்ற அமிலம். ஒளியை உண்டதும் அதன் எலக்ட்ரான் பரவல் மாறுகிறது. புரோட்டானின் மீதிருந்த பிடி தளர்கிறது. அமிலத்திறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்கிறது.

பிடி தளர்ந்தால் மட்டும் போதுமா? ஏற்பதற்கு ஆள் வேண்டும். நீரில், ஒரு நொடியின் ஆயிரம் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு நேரத்தில் புரோட்டான் வெளியேறிவிடுகிறது. கிளர்வுற்ற மூலக்கூறின் ஆயுள் அதைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு. ஆகவே புரோட்டானை இழந்த பிறகே அது ஒளிர்கிறது. 510 நானோமீட்டர் அளவில் பச்சை ஒளி எழுகிறது. தூய மெத்தில் ஆல்கஹாலில் கரைத்தாலோ, அந்த ஆயுளுக்குள் புரோட்டான் பிரிவதில்லை. நீல ஒளியே வருகிறது. ஆல்கஹாலும் முனைவுத் தன்மை உடையதுதான். ஆயினும் நீர் மூலக்கூறுகள் கூட்டமாய்ப் புரோட்டானை வாங்கிக் கைமாற்றிக்கொண்டு செல்வதுபோல் ஆல்கஹாலால் இயலுவதில்லை.

இத்தகைய நிகழ்ச்சியை 1950 வாக்கில் தெளிவாக விளக்கியவர் ஜெர்மானியரான தியோடர் ஃபோர்ஸ்டர். ஆல்பர்ட் வெல்லர் இத்துறையை வளர்த்தார்.

இதுவரை கேட்டதிலிருந்து, நீர் இருந்தால் புரோட்டான் நகரும், இல்லையேல் நகராது என்று முடிவுகட்டத் தோன்றும். இரண்டாவது சாயம் அதைக் கவிழ்த்துவிடுகிறது. அதன் பெயர் 3-ஹைட்ராக்ஸிஃபிளேவோன். வெங்காயத் தோலுக்கு நிறம் தரும் குவெர்செட்டினும் இக்குடும்பமே. இங்குப் புரோட்டான் வெளியே செல்வதில்லை. அதே மூலக்கூறில் அருகிலுள்ள மற்றோர் ஆக்சிஜனிடம் தாவுகிறது. தாவினால் பச்சை ஒளி. தாவாவிடில் 400 நானோமீட்டர் அளவில் ஊதா ஒளி.

1979-இல் பிரதீப் செங்குப்தாவும் மைக்கேல் காஷாவும் இதனை ஆராய்ந்து எழுதினர். ஹைட்ரோகார்பன் கரைப்பானில் கரைத்து 77 கெல்வின் வரை குளிர்வித்தபோது பச்சையோடு ஊதாவும் தோன்றியது. குளிரில் புரோட்டானுக்கு ஏதோ தடை நேர்கிறது என்ற விளக்கம் இயல்பாகவே எழுந்தது. 1980-களின் முற்பகுதியில் மெக்மாரோவும் காஷாவும் அக்கரைப்பானை மிகக் கடுமையாகத் தூய்மைப்படுத்தி, ஈரம் போக்கி, மீண்டும் ஆய்ந்தனர். அதே குளிரில் பச்சை மட்டுமே வந்தது! ஊதாவுக்குக் காரணம் குளிரன்று. கரைப்பானில் ஒளிந்திருந்த சிறிதளவு நீர் போன்ற மாசு. நீர் மூலக்கூறு சாயத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புக் கொண்டு, இரு ஆக்சிஜன்களுக்கும் இடையிலிருந்த உட்பிணைப்பைக் குலைத்துவிடுகிறது. புரோட்டான் எளிதில் தாவ முடியாமல் நின்றுவிடுகிறது. இவ்வாய்வில் என்னை வியக்க வைப்பது கருவிகளின் நுட்பமன்று. தாம் முன்பு கண்டதையே மறுபடி ஐயுற்று, உலர்த்தும் வேலையில் பொறுமை காட்டினார்களே, அதுதான்.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. "கரைப்பானே வாசகன், சாயமே கவிதை" என்று யாரேனும் இந்நேரம் குறித்துக்கொண்டிருக்கக் கூடும். தாராளமாக எழுதுங்கள். ஆனால் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒன்றை விடுவித்த நீரே மற்றொன்றைத் தடுக்கிறது. சூழல் வளர்க்கும் என்றோ, சூழல் நசுக்கும் என்றோ ஒற்றை வரியில் முடிப்பவர்க்கு இந்த உவமை உதவாது. ஒரே நீருக்கு இரு வேலை அமைவது, அதில் விழும் மூலக்கூறின் அமைப்பைப் பொறுத்தது.

தொல்லை தந்த அந்த ஊதாவே பின்னர்ப் பயன் தருவதாயிற்று. 3-ஹைட்ராக்ஸிஃபிளேவோனின் வழிப்பொருள்களை உயிரணுச் சவ்வில் ஏற்றி, எழும் இரு நிறங்களின் விகிதத்தை அளக்கிறார்கள். சவ்வின் அந்த இடத்தில் நீர் எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதை அவ்விகிதம் காட்டுகிறது.