அளவான குடும்பமும் ஆடவர் கடமையும்

பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த ஏலூரில் 1947-ஆம் ஆண்டில் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அதனை நிறுவியதில் திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆலைகள் பெருகவே, பிழைப்பை நாடித் தமிழ்நாட்டினின்றும் பலர் வந்து சேர்ந்தோம்.

ஊரில் இருந்தபோது பிள்ளைகள் ஆடு மேய்த்தனர்; களை பறித்தனர். இங்கோ வீட்டு வாடகையும் பள்ளிச் செலவும் ஒவ்வொரு பிள்ளையோடும் கூடுகின்றன. பேறுகாலத்தில் துணை நிற்கும் தாய்வீடோ தொலைவில் இருக்கிறது. வாழ்க்கை மாறியபின், குடும்பத்தின் அளவையும் நாம் சிந்தித்தே வகுக்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாட்டை 1952-இல் அரசின் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில், மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமாரின் முயற்சியால் நடந்த முகாமில், ஒரே மாதத்தில் 63,000-க்கும் மேற்பட்டோர் அறுவை சிகிச்சை செய்துகொண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆடவரே.

ஆயினும் பணமும் பொருளும் தந்து ஏழையை அழைப்பது முழு விருப்பமாகுமா என்ற வினா அன்றே எழுந்தது. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலையில் நடந்த வற்புறுத்தல், ஆடவர் மனத்தில் அச்சத்தை விதைத்தது. எண்ணிக்கையே குறியானால் மனிதர் மறைந்துவிடுகிறார் அல்லவா? 1996-இல் அத்தகைய இலக்குகளை அரசு கைவிட்டது.

கேரளத்தில் குடும்பம் சுருங்கியதற்கு முகாம்கள் மட்டும் காரணமல்ல. பெண்கள் கற்றனர், பிறந்த குழந்தைகள் பிழைத்தன, ஆதலால் பெற்றோர் தாமே முடிவு செய்தனர்.

இன்று சுமை எவர்மீது இருக்கிறது? 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டுள்ளனர். ஆடவர் அறுவையைச் சார்ந்திருப்போர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆடவர்க்குரிய சிகிச்சையோ எளியது. வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை. அதனால் உடல் வலிமையும் ஆண்மையும் குன்றுவதில்லை. மூன்று திங்கள் வரை வேறு தடுப்புமுறை கொண்டு, பின்னர்ச் சோதித்துக்கொண்டால் போதும். பிள்ளைகளுக்கு இடைவெளி வேண்டுவோர்க்கு வேறு சாதனங்களும் உண்டு.

அரசு மருத்துவமனைகள் இவற்றை இலவசமாகவே அளிக்கின்றன. மொழி தெரியாதென்று தயங்காமல், கணவனும் மனைவியும் சேர்ந்து சென்று கேட்போம். நம் இல்லத்தின் அளவை நாமிருவரும் கூடி முடிவு செய்வோமாக.