முன்றிலில் வாழும் உயிர்கள்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பறவைகளையும் விலங்குகளையும் கண்டு மகிழ விரும்புவோர் முதுமலைக்கும் கோடிக்கரைக்கும் செல்கின்றனர். செல்லுதல் நன்றே. ஆயினும், அவரவர் வீட்டு முன்றிலிலேயே இறைவன் வகுத்து வைத்த காட்சிகளும் ஒலிகளும் பல. அவற்றைத் துய்ப்பதற்கு வேண்டுவது பொருளன்று. சற்றே பொறுமையும் அமைதியுமே.

வைகறையில் எழுந்து திண்ணையில் அமர்வோர் செவியில் முதற்கண் விழுவது பெரும்பாலும் கரிச்சானின் குரலே. இருள் பிரியுமுன்னரே அது பாடத் தொடங்கிவிடும். பின்னர்க் காகம் கரையும். தவிட்டுக்குருவிகள் ஆறேழு ஒருங்கு கூடிச் சருகைக் கிளறி ஆரவாரிக்கும். வேலிப் புதரினுள் செம்போத்து அடிக்குரலில் விட்டு விட்டு ஒலிக்கும். வேனிற்காலத்தில் இனிது கூவும் குயிலைப் பெண்ணென்று பலரும் எண்ணுவர். அஃது உண்மையில் கரிய ஆண்பறவையே. புள்ளிகள் படிந்த பெண்குயில் காகத்தின் கூட்டை நாடி முட்டையிடும்.

இக்கரிச்சானைக் கரிக்குருவி என்றும், வலியன் என்றும் வழங்குவர். வலிய பறவைகளால் துன்புற்ற கரிக்குருவி ஒன்றுக்கு ஆலவாய் அண்ணல் உபதேசம் அருளி, அதனை வலிமை உடையதாக்கிய வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கின்றது. இதனை ஏட்டில் படித்தோர் தம் வீட்டெதிரே நிற்கும் மரத்தையும் சிறிது நோக்குக. கூட்டருகே காகமோ பருந்தோ வரின், அச்சிறு பறவை அஞ்சாது பாய்ந்து துரத்தும். அதன் காவலை நம்பி, வேறு சிறு பறவைகளும் அம்மரத்திலேயே கூடு கட்டுவதுண்டு. புராணம் கூறும் வலிமை கண்முன்னே விளங்குதல் காண்மின்!

வீட்டை அடுத்து உயிர்களுக்குப் புகலிடமாவது திருக்கோயில். கோபுரப் புரைகளில் பச்சைக்கிளியும் மாடப்புறாவும் புள்ளி ஆந்தையும் குடியிருக்கும். திருக்குளத்தின் படியில் மீன்கொத்தி காத்திருக்கும். கூகையின் அலறலைத் தீக்குறியென்று அஞ்சுவார் உளர். அது வயலிலும் களஞ்சியத்திலும் நெல்லைத் தின்னும் எலிகளைப் பிடித்து உண்பது. ஆதலின் அஃது உழவர்க்கு உற்ற துணையேயாம்.

என்றும் உள்ளன என்று எண்ணியவை இல்லாதொழிதலும் உண்டு. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல்தோறும் இரு பாறுகள் வந்து அமுது பெற்றுச் சென்றதைக் கண்டு வணங்கியோர் பல்லாயிரவர். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வருகை நின்றது. அக்காலத்திலேயே பாரத நாடெங்கும் பாறினங்கள் பெரிதும் அருகின. கால்நடைகளின் நோவு தணிக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊனில் தங்கி, அதனை உண்ட பாறுகளைக் கொன்றதென 2004ஆம் ஆண்டில் அறிஞர் நிறுவினர். 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. தீங்கு நினையாமற் செய்த செயலும் ஓர் இனத்தை அழிவின் விளிம்புக்கு உய்க்கும் என்பதற்கு இது சான்று.

திருப்பணி செய்வோர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். கோபுரத்தின் விரிசலை அடைத்தல் இன்றியமையாதது. ஆயினும், குஞ்சுகள் உள்ளிருக்கப் புரையை அடைத்தல் தகாது. நந்தவனத்தில் பூச்செடிகளோடு ஆலும் அரசும் அத்தியும் வளர்க. அவற்றின் பழங்களைப் பறவைகள் நாடி வரும். கோடையில் கற்றொட்டியில் நீர் நிரப்பி வைக்க. ஒலிபெருக்கியின் ஓசையும் வேட்டும் அளவோடு அமைக. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், நீர்ப்பறவைகள் அஞ்சும் என்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. எளிய மக்கள் இயற்றும் இவ்வறம் எவ்வூரார்க்கும் இயல்வதே.

இன்று புனித நீர் பெற்ற இக்கோபுரம் மக்களுக்கே அன்றிப் புள்ளினத்துக்கும் இல்லமாகுக! நாளை வைகறையில் எழுவோர் ஒரு நாழிகை வாளா அமர்ந்து செவி சாய்ப்பாராக! எல்லா உயிரும் இன்புற்று வாழ இறைவன் திருவருள் முன்னிற்பதாக!