நெருக்கடியில் இட்ட கையொப்பம்

(எடப்புளி நாட்டில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு சேகோ ஆலைகளுக்குச் செல்வதனை யாவரும் அறிவீர்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளிற் கெடும். என் மாணாக்கன் ஒருவனின் தந்தையார் விலை பேசி முடித்துக் கிழங்கை லாரியில் அனுப்பினார். வாயிலில் நிறுத்தி, "குறைந்த விலைக்கு ஒப்பின் இறக்குக, இன்றேல் திருப்பிச் செல்க" என்றனர். அவர் கையொப்பம் இட்டார். மகனது படிப்புக்கென வைத்த பணம் லாரி வாடகைக்குப் போயிற்று. அக்கையொப்பம் மனமிசைந்து இட்டதாகுமோ?

இதனை ஒத்த வழக்கொன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. காஃப்கோ என்னும் சிறு கூடை வணிகரின் சரக்கைப் பெருங்கடைக்குக் கொண்டு சேர்க்க, அட்லஸ் கம்பெனியார் பெட்டிக்கு 1.10 பவுன் கூலி பேசினர். 1986 நவம்பரில் வெறும் வண்டியை அனுப்பி, வண்டிக்குக் குறைந்தது 440 பவுன் தர ஒப்பினாலன்றி ஏற்றோம் என்றனர். பண்டிகைக் காலம் நெருங்கியமையால் வேறு வண்டி தேடவியலாது காஃப்கோவார் ஒப்பினர்; பின்னர்க் கொடுக்க மறுத்தனர். பொருள் நெருக்கடியாற் பெற்ற இசைவு செல்லாதென 1989-இல் தீர்ப்பாயிற்று.

நம் நாட்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி, இருவரும் இசைந்து மாற்றின் பழைய ஒப்பந்தம் ஒழியும். ஆயின் இசைவு தன்னிச்சையாதல் வேண்டும். பிறர் பொருளை முறையின்றித் தடுத்து வைத்துப் பெற்ற இசைவை 15-ஆம் பிரிவும், மேற்கை நிலையால் முறையற்ற ஆதாயம் கொள்வதனை 16-ஆம் பிரிவும் கூறும். அவ்வாறு நிறுவப்படின், பாதிக்கப்பட்டவர் அவ்வொப்பந்தத்தைத் தள்ளிவிடலாம்.

பேசிய மாவுச்சத்து இல்லாதபோது, பேசிய கணக்குப்படி விலை குறைப்பது நெருக்கடியன்று. அதனை மறைத்து வழக்காடுதல் நமக்கு அழகன்று. மௌனமும் கேடு தரும். கப்பல் வாங்கியோர் சிலர் நெருக்கடியால் பத்து விழுக்காடு மிகுதியாய்க் கொடுத்துப் பல மாதம் வாளா இருந்தனர். நெருக்கடி உண்மையெனக் கண்டும், 1978-இல் ஓர் ஆங்கில நீதிமன்றம் அப்பணத்தை மீட்டுத் தரவில்லை.

ஆதலின், விலையையும் மாவுச்சத்துக் கணக்கையும் முன்னரே எழுதி வாங்குக. குறைத்தால், "மறுப்புடன் பெற்றேன்" என ரசீதிலேயே எழுதுக, அன்றே கடிதமும் விடுக்க, நகலைக் காக்க. பழங்குடியினராகிய நமக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும். எழுத்தறியாப் பெற்றோர்க்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்களாக. யான் கற்பிக்கும் எழுத்து அதற்குப் பயன்படின் பெரிதும் மகிழ்வேன்.